உறுமாத நாய்

மலேசியாவில் யோங் பெங் என்கிற ஊரில் வீடு வீடாகச் சமையல் கேஸ் போடுகிறவன் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினேன். பள்ளிக்கூடத்துக்கும் அதில் வருத்தமில்லை. ஆனால் நாய்களைப் படித்திருக்கிறேன். ராட்வைலர் குரைக்காமல் உடம்பை விறைத்து நின்றால் கேட்டைத் தொடக்கூடாது. சிவாவா உதட்டைத் தூக்கினால், சிரிக்கிறதென்று நினைத்தவனுக்குக் கணுக்கால் போகும். எஸ்டேட் நாட்டு நாய் வாலை ஒடுக்கி ஒதுங்கும். முதுகைக் காட்டினோமோ, கெண்டைக்காலில் பல் இருக்கும். என் இரண்டு கால்களும்தான் என் சர்டிபிகேட்.

"அண்ணே, ஒங்களுக்கு நாய் பாஷையே தெரியும் லா!" என்பார்கள் கேஸ் வாங்குகிறவர்கள். அதில் மயங்கி ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு வளர்த்தேன். சாப்பிடும்போது யார் கிட்டே போனாலும் அது உறுமும். நாய் வாத்தியார் வீட்டு நாய் உறுமலாமா? உறுமும்போதெல்லாம் தமிழ்ப் பேப்பரைச் சுருட்டி மூக்கில் ஒன்று வைத்தேன். படிக்கத் தெரியாதவன் வீட்டில் பேப்பருக்கு வேறென்ன வேலை? இரண்டு மாதத்தில் உறுமல் நின்றது. ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு காலையில் என் மனைவி அதன் தட்டருகே குனிந்தாள். சத்தமே இல்லாமல் கையைக் கவ்விவிட்டது. ஃபேக்டரியில் பொடிப்பொடிச் சாமான்களைப் பொருத்துகிற கை. இன்றும் இரண்டு விரல் மடங்குவதில்லை.

"ஒரு சத்தங்கூடப் போடலீங்க," என்றாள். "போட்டிருந்தா கைய எடுத்திருப்பேன்ல? இனிமே அது பக்கத்துல எப்படிங்க போறது?"



குளுவாங்கில் மிருக டாக்டரிடம் நாயைக் கொண்டுபோனேன். சின்ன வயசு, தமிழ்ப் பெண்.

"கடிக்க முந்தி உறுமுச்சா அங்கிள்?"

"இல்லம்மா."

"எப்பவுமே உறுமாதா?"

"உறுமும். நான்தான் அடிச்சு நிப்பாட்டினேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதோட பயம் அப்படியேதான் இருக்கு அங்கிள். நீங்க சத்தத்த மட்டும் எடுத்துட்டீங்க."

"திரும்பப் பழக்க முடியுமா?"

"மாசக்கணக்கா ஆகும். முடியும்னும் சொல்ல முடியாது. அதுவரைக்கும் வீட்ல யாரு அது கிட்ட போவாங்க?"

மனைவியின் கைக்கட்டு கண்ணுக்குள் வந்தது. "ஊசி போட்டு முடிச்சுடுங்க," என்றேன்.

அதற்கான ஃபாரத்தில் மலாயில் ஏதோ எழுதினார். என்னவென்று கேட்டேன்.

"எச்சரிக்கை இல்லாம கடிக்கும்னு."

"அப்படி எழுதாதீங்க டாக்டர். அது எச்சரிக்கை பண்ணுச்சு. தினமும் பண்ணுச்சு."

"காரணத்துக்கு ஒரு வரிதான் அங்கிள் இருக்கு."

கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான். பிறகு மேசைமேல் அதன் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி இறங்கியபோது உடம்பு விறைத்தது. என்னைப் பார்த்தது. அப்போதும் அது உறுமவில்லை.