என் குசினியில் டியூடர் காலம்

ஐந்நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தை டியூடர் என்றொரு ராஜ குடும்பம் ஆண்டதாம். அந்தக் காலத்துச் சனம் எப்படிச் சமைத்தது, எப்படிப் படுத்தது என்று படம் பிடித்துக்கொண்டு வரும்படி, லண்டனில் படிக்கும் என் தம்பியின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டிருந்தார்கள். விடுமுறைக்கு எங்கள் ஊரான வேலணைக்கு வந்தவர்கள் அந்த வேலையையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள்.

என் குசினியைக் கண்டதும் தம்பியின் மனைவிக்கு முகமெல்லாம் பல். பனையோலைக் கூரை, மண் அடுப்பு, சாணி மெழுகிய நிலம்.

"அப்பிடியே டியூடர் வீடு மாதிரிக் கிடக்குது மச்சாள். அங்கை இதைப் பாக்க நாங்கள் ரிக்கற் எடுத்து வரிசையிலை நிண்டனாங்கள்" என்றாள்.

நான் ரிக்கற் இல்லாமலே இத்தனை வருடமாக உள்ளே நிற்கிறேன். என்ன கொடுப்பினை பாருங்கள். எனக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். புகைக்குள் நிற்கவே கூடாது என்று யாழ்ப்பாணத்து டொக்டர் சொல்லிவிட்டார். ஓலைக்குக் கீழே காஸ் அடுப்பு வைக்கவும் பயம். குசினியை இடித்துவிட்டுக் கல்லால் கட்டவேண்டும். போனில் கேட்கும்போதெல்லாம் தம்பி ஒரே பாட்டுத்தான் பாடுவான்: "அக்கா, அதை இடிச்சுப் போடாதேங்கோ. அது எங்கடை அடையாளம்." துரைக்கு லண்டனில் அடையாளம் தேவைப்படவில்லை. அங்கே காஸ் அடுப்பில்தான் தேத்தண்ணீர் கொதிக்கிறது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். எனக்குப் பேசிய கலியாணம் ஒன்றும் சரிவரவில்லை. மாப்பிள்ளை இல்லாமல் சீதனம் எதற்கு என்று அப்பா வீட்டைத் தம்பியின் பெயருக்கு எழுதிவிட்டுக் கண்ணை மூடினார். அதனால் என் அடுப்பை மாற்ற நான் தம்பியைக் கேட்கவேண்டும்.

அன்று தம்பியின் மனைவி தானே கஞ்சி காய்ச்சி வீடியோ எடுக்கப்போவதாக உள்ளே போனாள். எரிக்கிற பனைமட்டைகள் மழையில் நனைந்திருந்தன. போன வேகத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எனக்கு ஏலாது மச்சாள். நீங்கள் காய்ச்சுங்கோ, நான் பிடிக்கிறன்."

பிள்ளையின் படிப்பு என்று நானும் போய்க் குந்தினேன். கஞ்சி கொதிக்க முன்பே மூச்சு இழுக்கத் தொடங்கியது. முற்றத்துக்கு வந்து பிளாஸ்டிக் கதிரையில் விழுந்தேன். பிள்ளைதான் தண்ணீர் கொண்டுவந்து தந்தது.

"மாமி, டியூடர் காலத்திலை கலியாணம் கட்டாத பொம்பிளையள் கனபேர் சகோதரத்தின்ரை வீட்டிலை இருந்து சமைச்சவையாம். புகையாலை அவைக்கும் இருமல் வாறதாம். ரீச்சர் சொன்னவ. அவை ஏன் வேறை குசினி கட்டேல்லை?"

"அவைக்கு வீடு சொந்தமில்லை, பிள்ளை" என்றேன்.

தம்பிக்கும் அது கேட்டது. அவன் ஓலைக்குள்ளால் புகை கசிகிற அழகைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி இருங்கோ. அந்தக் கதிரை படத்துக்கை விழுது" என்றான்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு எழும்பிப் போய்க் கஞ்சிப் பானையை இறக்கினேன். நெருப்புக்கு மேல் தண்ணீரை ஊற்றினேன். கொட்டிலில் கிடந்த, குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கை எடுத்துவந்து அடுப்பில் ஓங்கிப் போட்டேன். மண் பொலபொலவென்று கொட்டியது.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"உன்ரை வீட்டை இடிக்கிறன். பொலிசுக்குப் போய்ச் சொல்லு."