அது தப்பிக்கட்டும்

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசிக்காகக் காத்திருந்தபோதுதான் அந்த அம்மாளைப் பார்த்தேன். உவரியிலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவர். கழுத்தில் ஜெபமாலை, கணுக்காலில் பல் பதிந்த காயம். எதைச் சொன்னாலும் சொல்லி முடித்ததும் தன் தொடையில் பட்டென்று ஒரு அடி அடித்துக்கொள்வார்.

சுவரில் இருந்த டிவியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. வலையோடு ஒரு தடியன் நாயைத் துரத்துகிறான். நாய் சட்டென்று திரும்பிவிட, அவன் சுவரில் மோதி அப்பளம் மாதிரி தட்டையாகிறான். கடிபட்ட எரிச்சலில் இருந்த எங்களில் யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் மட்டும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"உங்களையும் நாய்தானே கடிச்சிருக்கு?" என்றேன்.

"எங்க வீட்டு நாய்தான் அண்ணாச்சி. தூங்குததைப் பாக்காம வால மிதிச்சிட்டேன். அது என்ன செய்யும்?" தொடையில் ஒரு அடி விழுந்தது. "தெருவுல எல்லாரும் அதை அடிச்சித் தொரத்தணும்னு நிக்காவ. விடமாட்டேன்னுட்டேன்."

நர்ஸ் வந்து அவரைக் கூப்பிட்டார். டிவியில் தடியன் நாயை ஒரு முட்டுச்சந்தில் மடக்கியிருந்தான்.

"செத்த பொறும்மா. அது தப்பிக்கட்டும், வாரேன்."

நர்ஸும் கதவைப் பிடித்தபடி நின்று பார்த்தார். நாய் அவன் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. வலை அவன் தலையிலேயே விழுந்தது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் "அப்பாடா" என்றோம். அம்மாள் நொண்டியபடி உள்ளே போனார்.

ஒரு தெருநாயிடம் கடிபட்டு, நாய் இனத்தையே திட்டிக்கொண்டு போன நான், அந்தக் கார்ட்டூன் நாய்க்காக ஏன் அவ்வளவு பதறினேன் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.