கோட்டைக்குள் என்ன சாப்பிட்டார்கள்

எனக்குக் கோட்டைப் பைத்தியம். இடிந்த கோட்டையென்றால் இன்னும் கொஞ்சம் கூட. "கல்லைப் பார்க்க விமானம் ஏறுற ஒரே மனிசன் இவர்தான்" என்று என் மனைவி, லண்டன் ஹரோவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சொன்னால் சொல்லட்டும். போன வருடம் ஜப்பானுக்குப் போனபோதும் அவளை இழுத்துக்கொண்டு கடலோர ஊர் ஒன்றின் மலையில் ஏறினேன். உச்சியில் கோட்டை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பாசி பிடித்த கல் மதில்கள், புல், தூரத்தில் கடல். அவள் ஒரு கல்லில் குந்தியிருந்து காலைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ பசியும் தெரியவில்லை, தாகமும் தெரியவில்லை.

எங்களை மேலே கூட்டிப்போனவர் ஓய்வுபெற்ற ஒரு ஜப்பானியர். ஆங்கிலம் நன்றாகப் பேசினார். நானூறு வருடங்களுக்கும் முந்திய அந்த முற்றுகையின் கதையை அவர்தான் சொன்னார். படையெடுத்து வந்த தளபதி முதலில் வாளையே உருவவில்லையாம். வியாபாரிகளை அனுப்பி அந்தப் பகுதி அரிசியையெல்லாம் நல்ல விலைக்கு வாங்குவித்தானாம். ஆசைப்பட்டுக் கோட்டைக் களஞ்சியத்து அரிசியையும் விற்றவர்கள் இருந்தார்களாம். பிறகு சுற்றுக் கிராமத்துச் சனங்களை அடித்து விரட்டினான். அவர்களுக்கு ஓடி ஒளியக் கோட்டையை விட்டால் வேறு இடமில்லை. உள்ளே வாய்கள் கூடின, அரிசி முடிந்தது. அவன் மலையைச் சுற்றி வேலி போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தான்.

நான் விடவில்லை. என்ன சாப்பிட்டார்கள்? புல், வேர், மரப்பட்டை, பிறகு குதிரை. தண்ணீர் எங்கேயிருந்து? குழந்தைகள் இருந்தார்களா? இருந்தார்கள். வேலிக்கு வந்து கெஞ்சியவர்களை என்ன செய்தார்கள்? சுட்டார்கள். கடைசியில் கோட்டைத் தலைவன், சனங்களை உயிரோடு விடுவதென்றால் நான் சாகிறேன் என்று தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டான். வெளியே வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். மாதக்கணக்காகக் காய்ந்த வயிறு. அவசரமாகக் குடித்தவர்களில் பலர் அந்தக் கஞ்சியாலேயே செத்துப்போனார்கள். இதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் மதிலைப் பார்த்துக் கைகூப்பினார். நான் அவர் கைகூப்பியதைப் படம் எடுத்தேன்.

லண்டனுக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பழக்கமான இரண்டு குடும்பங்கள், ஈஸ்ட் ஹாமிலிருந்து என் தங்கச்சி. ஆட்டிறைச்சிக் கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல் என்று மனைவி அடுக்கி வைத்திருந்தாள். பயணம் போய் வந்தால் படம் காட்டுவது எங்கள் ஆட்களின் சம்பிரதாயம். யாரும் தப்ப முடியாது. கைத்தொலைபேசியிலிருந்த படங்களைத் தொலைக்காட்சியில் போட்டு, கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றபடி கதையைத் தொடங்கினேன்.

தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இலங்கையில் சண்டை தொடங்கிய காலத்திலேயே ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்கு வந்து நிலைத்தவன். அவள் ஊரிலேயே கலியாணம் முடித்து, போரின் கடைசி மாதங்களில் புருஷனோடும் மகளோடும் வன்னியில் அகப்பட்டிருந்தாள். நாலாபக்கமும் அடைபட்டு, கடற்கரையோடு ஒடுங்கிய ஒரு துண்டு நிலத்தில் லட்சக்கணக்கில் சனம். அவளும் மகளும் வெளியே வந்தார்கள். மச்சான் வரவில்லை. அந்த நாட்களில் நான் இங்கே லண்டனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் பதாகை பிடித்துக்கொண்டு நின்றேன். வருடா வருடம் மே மாதத்தில் அந்தச் சனம் குடித்த கஞ்சியின் நினைவாக ஊற்றுகிற கஞ்சியைக் கடதாசிக் கோப்பையில் வாங்கிக் குடிப்பேன். மச்சானின் திவசத்துக்கும் தவறாமல் போவேன், சாப்பிட்டுவிட்டு வருவேன்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அன்றைக்கு வாய் கிழியப் பேசினேன். அரிசியை வாங்கியதைச் சொல்லி, "என்ன மூளை பாருங்கோ" என்று அந்தத் தளபதியை மெச்சினேன். குதிரையைச் சாப்பிட்ட இடத்தில், கறிக்கோப்பையைக் காட்டி ஒரு பகிடியும் விட்டேன். ஆட்கள் சிரித்தார்கள். சிரிப்புக் கிடைத்தால் என் வாய் நிற்காது.

"எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. இவ்வளவு சனமும் ஏன் உள்ளுக்குக் கிடந்து சாகவேணும்? வெளியில வந்திருக்கலாம்தானே?" என்றேன்.

"எந்தப் பக்கத்தால வாறது அண்ணை?" என்று தங்கச்சி கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பவள் போலத்தான் கேட்டாள். தொலைக்காட்சியில் அந்த ஜப்பானியர் கைகூப்பியபடி நின்றார். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆனால் நான் செய்தது என்ன? அடுத்த படத்துக்குத் தள்ளினேன். கடல், சூரியன் மறைகிறது. "நல்ல வடிவு" என்று யாரோ சொன்னார்கள். கஞ்சிக் கதையை நான் சொல்லவில்லை. அந்த அளவுக்காவது புத்தி இருந்தது என்று அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது அதை நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பின்னேரம் அவளை ஸ்டேஷனுக்குக் காரில் கூட்டிப்போனேன். வழமையாக ஏதாவது கதைத்துக்கொண்டு வருவாள். அன்று மடியில் மனைவி கட்டிக்கொடுத்த கறிப் பார்சலை வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ட்ராபிக்கைப் பற்றிச் சொன்னேன்.

"என்ன சாப்பிட்டதெண்டு அந்தாளிட்டைக் கேட்டனீங்களோ?" என்றாள் திடீரென்று.

"ஓம்."

"தண்ணி எங்கால வந்ததெண்டும்?"

"ஓம் பிள்ளை. அதுவும் கேட்டனான்."

"நல்லது. கேட்கத்தான் வேணும்" என்றாள். ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்தியதும் உடனே இறங்கவில்லை. "அங்க நடந்ததை நான் ஒருக்கால்தான் சொன்னனான் அண்ணை. வந்த புதுசில, அகதிக் கேசுக்கு விசாரிச்ச அண்டைக்கு. மொழிபெயர்க்க வந்த பிள்ளை அழுதிட்டுது. நீங்கள் வெளியில இருந்தனீங்கள். நான் வந்த உடனே, கெதியா வா, பார்க்கிங் முடியப்போகுது எண்டனீங்கள்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது. அவள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

ஒரு கிழமை நித்திரை சரியாக இல்லை. கடல் கடந்து போய், முன்பின் தெரியாத ஒருவரிடம், என்றோ செத்தவர்களின் பசியைத் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். கூடப் பிறந்தவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டால் அவள் மனம் நோகும் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது பச்சைப்பொய். நோகக்கூடாது என்று நான் பார்த்துக்கொண்டது என் மனத்தைத்தான். மச்சான் எப்படிச் செத்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. திவசச் சாப்பாடு மட்டும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் ஈஸ்ட் ஹாமுக்குப் போனேன். புடைவைக்கடை வேலைக்கு அன்று அவளுக்கு லீவு. மகள் வேலை விஷயமாக வேறு ஊரில் இருக்கிறாள். தங்கச்சி தனியாக இருந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, மச்சானுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன். வாசலிலேயே கேட்டுவிட்டேன். உள்ளே போய் இருந்தால் கேட்க மாட்டேன் என்று தெரியும்.

"இருந்து கேட்கிறதெண்டால் சொல்லுறன்" என்றாள்.

இருந்தேன். மடித்த துணிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் தொடங்கினாள். அழவில்லை. பதுங்குகுழி, பிறகு அரிசி தேடி அவர் போனது, அவரோடு போன, பக்கத்துத் தறப்பாள் கூடாரத்துக்காரர் மட்டும் திரும்பி வந்தது. திரும்பி வந்தவர் கையில் என்ன கொண்டுவந்தார் என்று சொல்ல வாயெடுத்தாள்.

நான் எழும்பிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கால்கள் தாமாக எழும்பின. "தண்ணி குடிச்சிட்டு வாறன் பிள்ளை" என்று குசினிக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரத் தொட்டியைப் பிடித்தபடி நின்றேன். முதலில் தண்ணீர் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கொஞ்சம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அவள் மறுபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. சின்ன வயதில் நான் விழுந்தெழும்பினால், காணாதவள் போல மற்றப்பக்கம் பார்ப்பாள். அதே முகம்.

"ஜப்பானில நல்ல குளிரோ அண்ணை?" என்று கேட்டாள்.

நான் இருந்து, அங்கேயுள்ள குளிரைப் பற்றி அவளுக்கு நெடுநேரம் சொன்னேன்.