தாய்மாமன் மொய்

அக்கா மகள் கல்யாணத்துக்கு மொய் வைக்க என்னிடம் காசில்லை. செஞ்சியில் என் ஜெராக்ஸ் கடை வாடகைக்கே தள்ளாடிக்கொண்டிருந்த மாதம் அது. அதை நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் திமிர். பன்னிரண்டு வரியில் வாழ்த்துக் கவிதை எழுதி, கண்ணாடி ஃபிரேம் போட்டு, ஒரு வாரம் முன்னாலேயே வல்லத்துக்குப் போய் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "என் மொய் இதுதான்" என்றேன். அவள் சிரித்தாள்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் மைக்கில் மொய் வாசித்தார்கள். "பொண்ணுக்குத் தாய்மாமன், பத்தாயிரத்து ஒண்ணு!" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்காவைச் சமையற்கட்டுப் பக்கம் இழுத்துப்போய்க் கேட்டேன்.

"சபையில உன்ன யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதுடா. அதான் உன் பேர்ல நானே எழுத வச்சிட்டேன். இப்ப இன்னா?"

"அப்போ என் கவிதைக்கு மதிப்பே இல்லையா?" என்று கத்திவிட்டு, பந்தியில் உட்காராமல் பஸ் ஏறினேன். தாய்மாமன் சாப்பிடாமல் போன கல்யாணம் என்று ஊரே பேசியதாம். அந்தப் பேச்சையெல்லாம் அக்காதான் வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

அதோடு விட்டேனா? தம்பியின் சொல்லை ரூபாய் நோட்டால் மூடிய அக்கா என்று அதையும் கவிதையாக்கினேன். நூலகக் கூட்டத்தில் வாசித்தபோது நல்ல கைதட்டல். ஒரு சிற்றிதழிலும் வந்தது. பணம் மனிதரை எப்படிச் சிறுமைப்படுத்துகிறது என்பதை அழகாகச் சொல்லிவிட்டீர்கள் என்றார் ஒருவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவோடு மூன்று வருஷம் பேசவில்லை.

போன தை மாதம் மாரடைப்பில் அவள் போய்விட்டாள். காரியம் முடிந்த மறுநாள் அவள் மகள் அந்தச் சிற்றிதழை எடுத்துவந்தாள்.

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதில்ல, நான்தான் மாமா படிச்சிக் காட்டினேன்."

"இன்னா சொல்லிச்சு?"

"ரெண்டு தபா படிக்கச் சொல்லிச்சு. நல்லாத்தான் எழுதியிருக்கான்னுச்சு. அந்த மொய் ஆட்ட வித்த காசுன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாத, தாங்க மாட்டான்னுச்சு."

கல்யாணத்துக்கு முதல் நாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் அவள் வளர்த்த இரண்டு ஆடுகளையும் காணோம், கயிறுகள் மட்டும் கிடந்தன. பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்றுதான் கேட்டேன்.