பின்னே வந்த கொம்பு

கடைசி வருஷத்தில் எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தானே ஒருவன், அவனை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. கிள்ளானில் படித்துக்கொண்டிருந்தவன். அங்கே மேல் வகுப்பு இல்லையென்று மாற்றல் வாங்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். தினமும் ரயிலில் வருவான். வந்த முதல் பரீட்சையிலேயே கணக்கில் என்னை முந்திவிட்டான். அதுவரை முதல் இடத்தை நான் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை.

எங்கள் பள்ளியில் வருஷத்துக்கு ஒருவனுக்குத்தான் உபகாரச் சம்பளம். அது கிடைத்தவன் சிங்கப்பூருக்குக் காலேஜ் படிக்கப் போவான். கிடைக்காவிட்டால் எனக்கு அப்பா வேலை பார்த்த ரயில்வேயிலேயே ஒரு குமாஸ்தா நாற்காலி.

பொறுக்க முடியாமல் வகுப்பு வாத்தியாரிடமே கேட்டுவிட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"சார், நேத்து மாறி வந்தவனுக்கும் உபகாரச் சம்பளம் உண்டா?"

"ஏன் கிடையாது? கிள்ளானிலை எடுத்த மார்க்கையும் பாத்துத்தான் குடுப்பினம். நீர் போய்ப் படியும்."

வீட்டில் வந்து சொன்னால் அம்மா, "முன்ன வந்த காத பின்ன வந்த கொம்பு மறைச்ச கதையால்ல இருக்கு!" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். நான் அன்றிலிருந்து மனசுக்குள் அவனுக்குக் கொம்பு என்றே பெயர் வைத்துவிட்டேன்.

இன்னொரு எரிச்சலும் இருந்தது. எங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களுக்கும் ஒரே பெயர், பழனி முருகன் பெயர். அவன் அப்பா தவறிப்போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வெள்ளைக்கார ஹெட்மாஸ்டருக்கோ அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் என்று நினைப்பு. யாரையும் அப்பன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அவர் கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நிற்போம். என் அப்பா பெயரில் இவனுக்கு என்ன பங்கு என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

பரிசளிப்பு நாளன்று அப்பா அரை நாள் லீவு போட்டு, வேட்டிக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். உபகாரச் சம்பளம் யாருக்கு என்று ஹெட்மாஸ்டர் அறிவித்தார். அந்தப் பெயரைத்தான் சொன்னார்.

நாங்கள் எழுவதற்குள் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். ஒரு வெள்ளைக்காரன் சபையில் தன் பெயரைச் சொல்லி அவர் அதற்கு முன் கேட்டதில்லை. யாரோ சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் குழம்பிப்போய், கிள்ளான் பையனைத்தான் கூப்பிட்டதாக இங்கிலீஷில் சொன்னார். அப்பாவுக்கு அது புரியவில்லை. பக்கத்திலிருந்தவர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் அவன் நேராக எங்களிடம் வந்தான். என்னைப் பார்க்காமல் அப்பா காலில் விழுந்தான்.

"எங்கப்பா பேரும் இதுதான், மாமா. அவரு இருந்திருந்தா அவரும் இப்படித்தான் எந்திரிச்சு நின்னிருப்பாரு."

அப்பா அவனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அவன் சிங்கப்பூர் போனதை எப்படியோ ஜீரணித்துக்கொண்டேன். ஆனால் என்னை அப்பா ஒரு நாளும் அப்படி அணைத்தது கிடையாது.