விதைப்புத் திகதி கேட்ட பெட்டி

இங்கே பதினொரு மணிக்கே பகல் சாப்பாடு. நான் வேலை செய்யும் நோர்வே விவசாயப் பாடசாலையில் அந்த நேரத்துக்கு ஆளுக்கொரு சிறிய பெட்டியைத் திறப்பார்கள். மாட்பாக்கே என்பார்கள். உள்ளே நாலு துண்டுக் கோதுமைப் பாண், இடையிடையே கடதாசி. ஒருவர் பெட்டிக்குள் மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை, "கொஞ்சம் எடுங்கள்" என்று நீட்டுவதுமில்லை. சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவன் நான். எல்லாரும் என்னோடு ஏதோ கோபம் என்றே முதல் வருடம் முழுக்க நினைத்திருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கல்முனையில் பிறந்து, நாவிதன்வெளிப் பக்கம் வாப்பாவின் இரண்டு ஏக்கர் வயலைச் செய்து, பிறகு இங்கே வந்து கண்ணாடி வீட்டில் நாற்றுகளுக்கு நீர் விடுகிறேன். நாலு பேர் முன்னால் எனக்குக் கதைக்க வராது. அப்படிப்பட்ட என்னைத் தேடி ஒரு நாள் இங்கிரிட் டீச்சர் கணினியோடு வந்தார். மண், நீர், பூச்சி, பறவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் பயிர் செய்யும் வேளாண் சூழலியலை அடிப்படையிலிருந்து படிப்பிக்க அவர் ஓர் இணையத்தளம் கட்டிக்கொண்டிருந்தார். பாடங்களின் அமைப்பு ஒன்றுதான். எந்த நாட்டு ஆசிரியரும் அதை அப்படியே பிரதி எடுத்து, வெற்றுப் பெட்டிகளில் தங்கள் பயிரையும் படங்களையும் போட்டுக்கொள்ளலாம். "பாண் அச்சு மாதிரி. மா உங்களுடையது" என்றார். முதற் பிரதி தமிழில், நெல்லுக்கு. ஊரில் விவசாய அமைப்புச் செயலாளராக இருக்கும் ஹனீபா மச்சான், என் மனைவியின் கூடப் பிறந்த நானா, புதிதாக வயலில் இறங்குகிறவர்களுக்குக் காட்ட அதைக் கேட்டிருந்தார்.

வரம்பு, வாய்க்கால், பசளை எல்லாம் எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். டீச்சர் பொறுமையாக எழுத, கணினி தமிழாக்கியது. பிறகு ஒரு பெட்டியைக் காட்டி, "நீங்கள் எந்தத் திகதியில் விதைப்பீர்கள்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் முகம் மாறியது. "சுமாராக?"

"உண்மையாகத் தெரியாது."

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வயல் செய்தவன் என்று நான் சொன்னதை நம்பவில்லையென்று விளங்கியது. இரண்டு நாளில் எங்கிருந்தோ ஒரு திகதியைப் போட்டு, "ஒவ்வொரு விவசாயியும் தன் விதைப்பு நாளைத் தானே தெரிவு செய்கிறார்" என்றும் எழுதி, கீழே உதவியவர் என்று என் பெயரைச் சேர்த்துப் பக்கத்தை அனுப்பியிருந்தார். அன்பாகத்தான் செய்தார். பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை மச்சானுக்கு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அவர் அழைத்தார்.

"டேய் நிசார், குளிர்ல மூளையும் உறைஞ்சி போச்சா? கூட்டம் வெக்காம எப்பிடிடா திகதி போட்ட?"

"நான் போடல்ல மச்சான். டீச்சர்தான்..."

"உன்ட பேரு கெடக்கே கீழ! நம்மட மயில், கிளி, எலியெல்லாம் உனக்கு துஆ கேக்கும். நீ ஒருக்கா தனிய விதைச்ச கதையயும் அதுல எழுதன்."

அந்தக் கதை எனக்கு மறக்காது. ஒரே வாய்க்காலில் நீர் பாயும் எங்கள் வயல் வட்டையில், மாரிகாலப் பெரும்போகத்துக்கு முன் வயற்காரர் எல்லாரும் கூடி, குளத்து நீரைப் பார்த்து, வாய்க்கால் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் முடிவு செய்வார்கள். அதன்படி நீரைப் பங்கிட வட்டவிதானை இருப்பார். கல்யாணம் முடித்த புதிதில், முந்திக்கொள்ளும் ஆசையில், கூட்டத்துக்கு முன்பே மழையை நம்பி விதைத்துவிட்டேன். வட்டையில் என் கதிர் மட்டும் முதலில் பால் பிடித்தது. பறவையெல்லாம் என் வயலிலேயே இறங்கின. மிஞ்சியது விளைந்தபோது சுற்றிவர மற்றவர்களின் வயல் பச்சை, வெட்டு மெசின் வர வழியில்லை. அவர்களின் வயலுக்குப் பாய்ந்த நீர் என் வயலிலும் கசிந்தது. ஹனீபா மச்சான்தான் ஆறு பேரோடு வந்து, சேற்றில் நின்று கையால் வெட்டி, வரம்பால் சுமந்து கரை சேர்த்தார். ஏசிக்கொண்டே சுமந்தார்.

இப்போது அதே பிழையை இன்னொருவனுக்குப் படிப்பிக்கும் பக்கத்தில் என் பெயர்.

திங்கட்கிழமை டீச்சரைக் கண்ணாடி வீட்டுக்குக் கூப்பிட்டேன். நாற்றுத் தட்டுகளை நெருக்கி அடுக்கினேன். நடுத்தட்டில் மட்டும் காய்ந்த வைக்கோல், சுற்றிவர பச்சை நாற்று. ஒரு சின்ன மண்வெட்டியை அவர் கையில் கொடுத்து, "இது வெட்டு மெசின். நடுவுக்குக் கொண்டு போங்கள்" என்றேன்.

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மண்வெட்டியைக் கீழே வைத்தார். எல்லாரும் கூடி ஒரே நாளைக் குறிப்பதை அப்போதுதான் சொன்னேன்.

"அப்படியென்றால், 'தெரியாது' என்பதுதான் சரியான விடை" என்றார். "நான்தான் பிழையாகக் கேட்டிருக்கிறேன்."

படித்த ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றே திகதிப் பெட்டியை மூல அமைப்பிலிருந்தே எடுத்தார். இனி யார் பிரதி எடுத்தாலும் அந்த இடத்தில், "விதைக்க முன் யாரிடம் கேட்க வேண்டும்?" என்றுதான் இருக்கும்.

தமிழ்ப் பிரதியில் அந்தப் பெட்டியை மச்சான் நிரப்பினார். வட்டவிதானையின் பெயர், பக்கத்து வயற்காரர்களின் பெயர்கள், கடைசியில் அவருடைய பெயர். எங்கள் இரண்டு ஏக்கரையும் இப்போது அவர்தான் செய்கிறார்.

"என்ட பேரு இல்லயா மச்சான்?" என்று கேட்டேன்.

"நீ கூட்டத்துக்கு வாறல்லயே. உன்னட்ட கேட்டு ஆரு வாய்க்கால் தொறக்கிற?" என்றார். உடனேயே, "கோவிக்காத" என்றார்.

கோபமில்லை. அவர் சொன்னது நியாயம். ஆனால் இங்கே பாடசாலையின் நோர்வேப் பிரதியில் 'விதைக்க முன் யாரிடம் கேட்க வேண்டும்?' என்ற அதே பெட்டியை டீச்சர் நிரப்பியிருக்கிறார். பனி மூடிய தோட்டத்தின் படம், அதன் கீழே ஒரே ஒரு பெயர்: நிசார், கண்ணாடி வீடு.