ஸ்கூட்டருக்கு அடியில் புதைத்த தோடு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தங்கத்தைப் புதைப்பவர்கள் அடையாளத்துக்கு ஒரு மரத்தைப் பார்த்து வைப்பார்கள், கிணற்றைப் பார்த்து வைப்பார்கள், குறைந்தபட்சம் ஒரு சுவரையாவது பார்த்து வைப்பார்கள். நான் ஸ்கூட்டரைப் பார்த்து வைத்தவன். அதுவும் பெட்ரோல் போட்டு, ஓடுகிற நிலையில் இருந்த ஸ்கூட்டர். இன்று என் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். எதையும் திட்டமிட்டுச் செய்யவேண்டும் என்று வாரந்தோறும் அவர்களுக்கு உபதேசம் செய்கிறேன். இது அவர்கள் கண்ணில் படாமலிருக்கக் கடவது.

அப்போது எனக்குப் பத்து வயது. தொண்ணூறுகளின் நடுவில், புனேயில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குடியிருப்பில் இருந்தோம். அம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். ஹடப்சரில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். அம்மா வீட்டார் கோலார் தங்கவயல் தமிழர்கள். தாத்தா சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, தங்கம் எங்கே கிடக்கிறது என்பது தன் உள்ளங்காலுக்குத் தெரியும் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். கோடையில் கடக்வாஸ்லா அணையில் தண்ணீர் இறங்கியதும் ஆற்று வளைவுகளில் தேடுவது அவருடைய திட்டம். வளைவில் தண்ணீர் தயங்கும், கனமானதெல்லாம் அங்கேதான் தங்கும் என்பார். எனக்கு அது வேதவாக்கு. அப்பாவுக்கு மட்டும் இல்லை.

“கோலார்ல கல்லுக்குள்ள தங்கம் இருந்துச்சு. இந்த ஊர்ல கல்லுக்குள்ள கல்லுதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார்.

ஷிப்டுக்குப் போகிறவர்கள் பேச்சைப் பொருட்படுத்துகிற வழக்கம் எங்கள் இருவருக்குமே கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவும் நானும் சைக்கிளில் ஜூனா பஜாருக்குப் போனோம். பழைய சாமான் சந்தை. செத்துப்போன கடிகாரம் முதல் கப்பலிலிருந்து கழற்றிய விளக்கு வரை அங்கே கிடைக்கும். மாமா ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த கடையில் உலோகம் கண்டுபிடிக்கும் மெஷின் இரண்டு இருந்தன. ஒன்று ராணுவப் பச்சை நிறம். தோளில் மாட்ட ஒரு பெட்டி, காதுக்கு ஹெட்போன், கம்பின் முனையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். இன்னொன்று இலேசானது, வட்டம் டீ சாஸர் அளவுதான், ஆனால் கைப்பிடியில் முள் ஆடும் மீட்டரும் இரண்டு திருகுகளும் இருந்தன.

“ஃபௌஜி மால் ஹை, பாவூ!” என்று பச்சையைத் தட்டிக் காட்டினார் கடைக்காரர். ராணுவச் சரக்காம். மண்ணுக்குள் ஊசி கூட இதனிடம் ஒளிய முடியாதாம்.

மாமா உதட்டைப் பிதுக்கினார். தட்டு பெரிதாக இருந்தால் ஆழம் போகும், ஆனால் குண்டுமணி அளவுத் தங்கத்தைக் கோட்டை விட்டுவிடும். தட்டு சிறிதென்றால் சின்னதையும் பிடிக்கும், ஆனால் ஒரு முழத்துக்குக் கீழே குருடு. இதை அவர் எனக்குத் தமிழிலும் கடைக்காரருக்கு இந்தியிலுமாக விளக்கினார். கடைக்காரருக்கு அது புதிய செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில், சாயங்காலம் வரை இரண்டையும் வீட்டில் சோதித்துப் பார்ப்பது, அதுவரை எங்கள் சைக்கிள் ஈடாக அவர் கடையில் நிற்பது என்று பேசி முடிந்தது. பஸ்ஸில் திரும்பினோம். மெஷின்களைப் பார்த்த பயணிகள் எங்களைச் சுற்றி இரண்டு வரிசையைத் தாராளமாகக் காலி செய்து கொடுத்தார்கள்.

வீட்டில் யாருமில்லை. அன்று மாலை கேம்ப் வட்டாரத்தில் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கைக்குக் கல்யாண வரவேற்பு. ஒத்தாசைக்கு அம்மா காலையிலேயே அங்கே போயிருந்தாள். நாலு மணிக்குத் திரும்பி வந்து உடுத்திக்கொண்டு எங்களையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு.

“மாப்ள, ஆணிக்கும் சோடா மூடிக்கும் எல்லா மிஷினும் கத்தும். அது ஒரு விஷயமே இல்ல. தங்கத்துக்குக் கத்துதான்னு பாக்கணும்.”

“தங்கத்துக்கு எங்க மாமா போறது?”

மாமா சமையலறைப் பக்கம் பார்த்தார். “நான் எதையும் எடுக்கச் சொல்லல. இருந்தா நல்லாருக்கும்னு சொல்றேன்.”

அம்மாவின் தோடுகள் அரிசி டப்பாவுக்குள் ஒரு துணி முடிச்சில் இருந்தன. தாலியை விட்டால் அவளிடம் இருந்த தங்கம் அது மட்டும்தான். வேலைக்கு நடுவில் பத்திரமாக இருக்கட்டும் என்று காலையில் கவரிங் போட்டுக்கொண்டு போயிருந்தாள். ராத்திரி அப்பா வீட்டார் அத்தனை பேருக்கும் நடுவில் கவரிங்கோடு நிற்க மாட்டாள் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் ஒரு தோட்டை மட்டும் எடுத்தேன். இரண்டையும் எடுத்து, இரண்டும் தொலைந்துவிட்டால்? பத்து வயதிலேயே எனக்கு நிர்வாகத் திறமை இருந்தது.

சோதனை நேர்மையாக நடக்கவேண்டும் என்று மாமா சொன்னார். அவர் வீட்டுக்குள் திரும்பி உட்கார்ந்துகொள்வார், நான் புதைப்பேன், அவர் கண்டுபிடிப்பார். “நீ எடத்த ஞாபகம் வச்சுக்கோ. உனக்கு அது ஒண்ணுதான் வேலை.”

குடியிருப்பு வரிசைக்கு முன்னால் பொது மைதானம். மண்ணோடு கருங்கல் சல்லி கலந்து கொட்டிய தரை. பக்கத்து வீட்டு மராத்திக்காரர், நாங்கள் காகா என்று கூப்பிடுகிறவர், அவருடைய ஸ்கூட்டர் நடுவில் நின்றது. முன் சக்கரத்தை ஒட்டி நாலு விரல் ஆழம் பறித்து, தோட்டைச் சக்கரத்துக்கு அடியிலேயே தள்ளி மூடினேன். யார் காலும் தெரியாமல்கூடப் படாது; காவலுக்கு ஒரு ஸ்கூட்டரே நிற்கிறது. இந்தச் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

மாமா உள்ளே திருகுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். காகா பையோடு வெளியே வந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டன் வாங்கப் புறப்பட்டுவிட்டார். நாலு உதை உதைத்தும் ஸ்கூட்டர் கிளம்பவில்லை.

“ஏ பாளா, ஜரா தக்கா மார்!”

தள்ளச் சொன்னால் நான் தள்ளுவேன். பெரியவர்களுக்கு உதவவேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மைதானத்தின் பாதி தூரம் மூச்சு வாங்கத் தள்ளி, அது புகை கக்கிக் கிளம்பியதும் கையைக்கூட ஆட்டினேன். திரும்பி நின்று பார்த்தபோதுதான் மைதானம் எவ்வளவு பெரியது என்பது தெரிந்தது.

“ரெடியா மாப்ள?” என்று ஹெட்போனோடு வந்தார் மாமா.

“ரெடி மாமா” என்றேன், அசையாத குரலில்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் செய்தது என் வாழ்க்கையின் சிறந்த நடிப்பு. மாமா இந்தப் பக்கம் போனால் “இல்ல, இல்ல” என்றேன். அந்தப் பக்கம் போனால் “கிட்ட வந்துட்டீங்க” என்றேன். பச்சை மெஷின் அடிக்கு அடி கத்தியது. கத்திய இடத்திலெல்லாம் தோண்டினோம். ஆணி, லாடம், சோடா மூடி, தகரத் துண்டு. ஒன்றுமே இல்லாத இடத்திலும் கத்தியது. மாமா ஒரு கருங்கல்லை எடுத்துத் தட்டின் கீழே காட்டினார், அதற்கும் கத்தியது.

“இந்த ஊர்க் கல்லுல பாதி இரும்புடா!”

சின்ன மெஷினை எடுத்தார். இரும்புக்குக் கத்தாமலிருக்க அதில் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பியதும் அப்படி ஓர் அமைதி. மைதானம் முழுக்க நடந்தோம், முள் அசையவில்லை. மாமாவுக்குச் சந்தேகம் வந்து, வீட்டிலிருந்த இன்னொரு தோட்டைக் கொண்டுவரச் சொல்லிச் சாஸரின் மேலேயே வைத்தார். அப்போதும் முள் அசையவில்லை. இரும்பை ஒதுக்கச் சொன்னால் சின்னத் தங்கத்தையும் சேர்த்தே ஒதுக்குகிற மெஷின் அது. ஒன்று எல்லாவற்றுக்கும் கத்தியது, மற்றது எதற்கும் கத்தவில்லை. இந்த இரண்டில் எதை வாங்குவது என்று மாமா உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துக் காகா மட்டனோடு திரும்பி, ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். எனக்கு உயிர் வந்தது. “மாமா, ஸ்கூட்டர் வந்துடுச்சு! முன் சக்கரத்துக்குக் கீழ தோண்டுங்க!” என்று ஓடினேன். மாமாவும் ஓடிவந்து, பரபரவென்று ஒரு சாண் தோண்டிவிட்டு, சட்டென்று நிறுத்தினார். என்னைப் பார்த்தார். ஸ்கூட்டரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“டேய். நீ பொதச்சப்ப இது இங்கயா நின்னுச்சு?”

நான் மைதானம் முழுவதையும் பொதுவாகக் கை காட்டினேன்.

“காய் ஷோத்தாய்?” என்ன தேடுகிறீர்கள் என்று காகா எட்டிப் பார்த்தார். “குச் நஹி காகா, கேபிள்” என்றார் மாமா, ஒன்றுமில்லை, கேபிள்தான் என்று. இரண்டு பேரும் கையால் மண்ணைப் பிசைந்து பிசைந்து பார்த்தோம். சாப்பிடவில்லை. அழக்கூடாது என்று நான் முடிவு செய்திருந்ததால், மூக்கு மட்டும் ஒழுகியது.

நாலு மணிக்கு அம்மா வந்தாள். மைதானத்தில் நாற்பது குழி. நடுவில் மண் பூசிய தம்பி, மண் பூசிய பிள்ளை.

“என்னது?”

“தோடுக்கா” என்றார் மாமா.

“எந்தத் தோடு?”

வீட்டில் இருந்ததே ஒரு ஜோடிதான். “ஸ்கூட்டர் முன் சக்கரத்துக்குக் கீழ பொதச்சேன்மா. காகா அத எடுத்துட்டுப் போயிட்டாரு” என்றேன்.

அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. மைதானத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து நடந்தாள். வேப்பமரத்தடியை விட்டால், சல்லியில் மூன்று இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. காகாவின் ஸ்கூட்டர் நின்ற இடத்திலெல்லாம் இன்ஜினிலிருந்து சொட்டுவிடும். கறையைத் தொட்டு முகர்ந்தாள். ஒன்று மட்டும் காயவில்லை. அதிலிருந்து முன் சக்கரம் நின்றிருக்கும் தூரத்தைக் கையால் அளந்தாள். நாங்கள் தோண்டிய மண்ணையெல்லாம் குவித்து வைத்திருந்தது சரியாக அதன்மேல்தான்.

“இந்தக் குவியலையும், கீழ ஒரு சாண் மண்ணையும் அள்ளு. இரும்புச் சட்டியக் கொண்டா” என்று மாமாவிடம் சொன்னாள்.

வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, சேலையைச் செருகி, குழாயடித் தொட்டியின் முன் குந்தினாள். சட்டியில் மண்ணைப் போட்டுத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். விரலால் கட்டிகளை உடைத்தாள், பெரிய கற்களைப் பார்க்காமலே பொறுக்கி எறிந்தாள். பிறகு சட்டியை ஒரு பக்கம் சாய்த்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டி ஒரு சுற்று சுற்றினாள். கலங்கல் தண்ணீர் விளிம்பு வழியாக நழுவிப் போயிற்று. கனமானது அடியில் நின்றது. இன்னொரு சுற்று. அடியில் கறுப்பு மணல் பிறை மாதிரி ஒதுங்கியது. அதை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு, கொட்டிவிட்டு, அடுத்த சட்டி. ஒரு அசைவு கூட வீணாகவில்லை. ஏழாவது சட்டியில், இரண்டு ஆணிகளுக்கும் கறுப்பு மணலுக்கும் நடுவில் தோடு கிடந்தது.

நான் குதித்தேன், கத்தினேன், மைதானத்தை ஒரு சுற்று ஓடிவந்தேன். மாமாதான் விசித்திரமாக இருந்தார். தங்கவயலைப் பற்றி ஆயிரம் கதை சொல்லும் மனிதர், அம்மா சட்டியைக் கையில் எடுத்ததிலிருந்து தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தோடு கிடைத்த பிறகும் தலை நிமிரவில்லை. இரண்டு மெஷினையும் எடுத்துக்கொண்டு, சைக்கிளை மீட்க வேண்டும் என்று போய்விட்டார். வாங்குவதைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

அவர் சொன்ன கதைகளில் தாத்தா கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குவார், வெடி வெடிக்கும், பாறை சரியும். தாத்தாவுக்கு நெஞ்சு கெட்டு, வேலையை விட்டுப் படுத்துவிட்ட வருடங்களில், மாமா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அந்த வருடங்களில், வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று ஒரு கதையும் இல்லை. அதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவின் மணிக்கட்டு அந்தச் சுற்றை எங்கே பழகியது என்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: இரண்டு மெஷினாலும் முடியாததைச் செய்கிற மூன்றாவது மெஷின் எங்கள் வீட்டிலேயே, அதுவும் இலவசமாக இருக்கிறது.

அம்மா கண்ணாடி முன்னால் தோட்டின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தபோது உள்ளே ஓடினேன். என் புதிய திட்டத்தை மூச்சுவிடாமல் சொன்னேன். கோடை லீவு விட்டதும் கடக்வாஸ்லாவுக்குப் போகலாம், நானும் மாமாவும் ஆற்று வளைவில் மண் அள்ளிப் போடுவோம், நீ உட்கார்ந்து அலசினால் போதும், ஒரே மாதத்தில் நாம் பணக்காரர்கள்.

அம்மா இன்னொரு காதுக்குத் திரும்பினாள்.

“நான் அலசுனது போதும்.”